நூற்று ஐம்பத்தெட்டாவது டைல்

இன்ஜினியர் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்த அன்றைக்கே சனியன் பிடித்துவிட்டது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. தெரிந்து போய்ச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த மனுஷன் காதில் போட்டுக்கொண்டிருப்பாரா என்ன?

கல்லூரியில் கணக்குத் துறைக்கு மூன்று மாடியில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. டைல்ஸ் வேலை மொத்தமும் மேஸ்திரியிடம் இருந்தது. மேஸ்திரி என்று ஒருமையில் சொன்னாலும் ஆள் இரண்டு, அவரும் அவர் மனைவியும். அவர் ஒட்டுவார். அவள் பசை குழைப்பாள், அளந்து கோடு போடுவாள், வழிந்ததைத் துடைப்பாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுவார், நீட்டிய கையில் சரியான டைல் சரியான பக்கமாக வந்து உட்காரும். இருபது வருஷமாக அப்படித்தான். ஆனாலும் சைட்டில் அவளுக்குப் பெயர் சித்தாள். "மேஸ்திரி, உங்க சித்தாளைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க" என்பான் எலெக்ட்ரீஷியன். அவள் காது என்ன செவிடா? அவளிடமே சொல்லித் தொலைத்தால் என்ன?

முதல் மாடி நடையின் சுவரில், கண்ணுக்கு நேரான உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஒரு வரிசை டைல் ஒட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கையகல டைல். கருப்பும் வெள்ளையும். அதை விளக்குவதற்காகத் துறையின் பேராசிரியை ஒரு நாள் காலையில் வந்தார். சைட்டில் எல்லாரும் அவரைக் கணக்கு மேடம் என்பார்கள். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார்.

"இது ஒரு எண்ணு, மேஸ்திரி. பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இருக்கு. சாதாரணமா எழுதினா பூஜ்யம் புள்ளி நாலு ஒண்ணு ரெண்டுன்னு போகும், முடியவே முடியாது. கம்ப்யூட்டர்ல எழுதுற மாதிரி வெறும் பூஜ்யத்தையும் ஒண்ணையும் மட்டும் வெச்சு எழுதினா இந்த வரிசை வரும். பூஜ்யம்னா வெள்ளை, ஒண்ணுன்னா கருப்பு. சுவத்துல இடம் இருநூத்தம்பத்தாறு டைலுக்கு இருக்கு. அதனால முதல் இருநூத்தம்பத்தாறு."

மேஸ்திரி பெரிதாகத் தலையாட்டினார். அவருக்குப் புரிந்தது இருநூற்று ஐம்பத்தாறு மட்டும்தான். பின்னால் வாளியோடு நின்றவள்தான் கேட்டாள்.

"இது வர்றதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கா மேடம், இல்ல வாய்க்கு வந்த மாதிரியா?"

மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு வெள்ளை டைலை வைத்தார். "இதுக்கு எதிர் என்ன?"

"கருப்பு."

"பக்கத்துல வைங்க. இப்ப வெள்ளை, கருப்புன்னு ரெண்டு ஆச்சா? இந்த ரெண்டையும் அப்படியே எதிராக்கிப் பக்கத்துல வைங்க."

அவள் கருப்பும் வெள்ளையும் வைத்தாள். நாலு ஆனது. மேடம் சொல்வதற்கு முன்னாலேயே அந்த நாலுக்கும் எதிராகக் கருப்பு, வெள்ளை, வெள்ளை, கருப்பு என்று வைத்து எட்டாக்கினாள்.

"அவ்வளவுதான். இருக்கிறதை எல்லாம் எதிராக்கி ஒட்டிக்கிட்டே போனா, ரெட்டிச்சுக்கிட்டே போகும்."

"இவ்வளவுதானா? இதுக்கா காலேஜு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேடம் சிரித்துவிட்டார். "செய்யுறது சுலபம்மா. ஆனா முழு எண்ணுங்களை வெச்சுப் பெருக்கிக் கூட்டி நீங்க எந்தச் சமன்பாடு எழுதினாலும், அதுக்கு இந்த எண்ணு விடையா வரவே வராது. யாருக்கும் பிடி குடுக்காது. விஞ்சிய எண்ணுன்னு பேரு. அதை நிரூபிக்கிறதுக்குள்ள மண்டையை உடைச்சுக்கிட்டாங்க." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "இன்னொண்ணு. ஒரே நிறம் மூணு சேர்ந்து எங்கேயும் வராது. வந்தா எங்கேயோ தப்பாயிடுச்சுன்னு அர்த்தம். முழு வரிசையையும் தாள்ல எழுதி இன்ஜினியர்கிட்ட குடுத்திருக்கேன்."

அவளுக்கு அன்றைக்கெல்லாம் ஒரே சந்தோஷம். பிடி கொடுக்காதாமே! பசை குழைக்கும்போதும் அதுதான், வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அதுதான். வெள்ளை, கருப்பு, கருப்பு, வெள்ளை. மனசுக்குள் அறுபத்து நாலு வரைக்கும் போய்விட்டாள்.

மறுநாள் இன்ஜினியர் தாளைக் கொண்டுவந்தார். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எப்போதும் கக்கத்தில் ஒரு நீல ஃபைல் இருக்கும். மழை பெய்தால் தன் தலையை நனையவிட்டு ஃபைலைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார். அதனால் ஆட்கள் அவரை முதுகுக்குப் பின்னால் ஃபைலு என்பார்கள். மேடம் எழுதிக்கொடுத்த அசல் தாளைப் பத்திரமாக அந்த ஃபைலில் போட்டுவிட்டு, ஜெராக்ஸ் ஒன்றை மேஸ்திரியிடம் நீட்டினார். பதினாறு வரி, வரிக்கு இத்தனை எண். மேஸ்திரி ஒட்ட ஆரம்பித்தார், அவள் தாளைப் பார்த்து எடுத்துக்கொடுத்தாள்.

பதினாலாவது கருப்பு. பதினைந்தாவது கருப்பு. அடுத்த வரியின் முதல் எண்ணைப் பார்த்தாள், அதுவும் கருப்பு.

"நிறுத்துங்க" என்றாள்.

"என்ன?"

"மூணு கருப்பு சேருது. மேடம் வராதுன்னாங்களே."

தாளை வெளிச்சத்தில் பிடித்து விரலால் எண்ணினாள். பதினாறு இருக்க வேண்டிய ஒவ்வொரு வரியிலும் பதினைந்துதான் இருந்தது. ஜெராக்ஸ் மெஷினில் தாளைக் கோணலாக வைத்து ஓரத்தை வெட்டிவிட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு வரியிலும் கடைசி எண் காணாமல் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பட்டப் படிப்பா வேண்டும்? எண்ணத் தெரிந்தால் போதும்.

இருவரும் இன்ஜினியரிடம் போனார்கள். அவள்தான் பேசினாள். "சார், ஒரு வரிக்குப் பதினஞ்சுதான் இருக்கு. பதினாறு வரிக்கு இருநூத்தி நாப்பதுதான் ஆகுது. டைலு இருநூத்தம்பத்தாறு. ஓரம் வெட்டுப்பட்டிருக்கு. அசலைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

இன்ஜினியர் அவளைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்துப் பதில் சொன்னார். "தாள்ல என்ன இருக்கோ அதை ஒட்டு. மிச்சம் பதினாறுக்கும் ஒரு கருப்பு ஒரு வெள்ளைன்னு மாத்தி மாத்திப் போட்டு முடி. யாரு வந்து எண்ணப் போறா?"

"மேடம் எண்ணுவாங்க சார்" என்றாள் அவள்.

"ஏம்மா, நீ கணக்குப் போட வந்தியா, கலவை போட வந்தியா?"

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். மேஸ்திரிக்கும் மூக்கு விடைத்துவிட்டது, ஆனால் அது வேறு காரணத்துக்காக. தன் வேலையில் ஒருத்தன் 'யாரு எண்ணப் போறா' என்று சொல்லிவிட்டானே என்று அவருக்கு ஆத்திரம். "அவன் கெடக்கறான். நீ சொல்லு, நான் ஒட்டுறேன்" என்றார். அவள் தாளை மடித்துப் பசை மூட்டைக்கு அடியில் செருகினாள்.

அப்புறம் இரண்டு நாள் அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். அவள் நிறம் சொன்னாள், அவர் ஒட்டினார். பதினாறு டைலுக்கு ஒரு தடவை சுவரில் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டாள். முதல் பாதி நூற்று இருபத்தெட்டு முடிந்ததும் திரும்ப முதல் டைலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, அதற்கு எதிரை எடுத்துக்கொடுத்துக்கொண்டே வந்தாள். ஒரு தப்பு இல்லை. சத்தியமாக ஒரு தப்பு இல்லை, நூற்று ஐம்பத்தேழு வரைக்கும்.

நூற்று ஐம்பத்தெட்டாவது டைலுக்கு அவள் கருப்பைக் கையில் எடுத்தபோது ஃபைலு வந்து நின்றார். தன்னிடமிருந்த இன்னொரு ஜெராக்ஸையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னய்யா இது? தாள்ல ஒண்ணு, சுவத்துல ஒண்ணு! உன் இஷ்டத்துக்கு ஒட்டிட்டிருக்க?"

"தாள் தப்பு சார்."

"தாள் தப்பா? உன் பொண்டாட்டி சொன்னாளா? நான் படிச்சவன்யா. உனக்குச் சித்தாள் பேச்சுதான் பெருசாப் போச்சா?"

அவ்வளவுதான். மேஸ்திரி கத்தினார், ஃபைலு கத்தினார், மேல் மாடியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். கால் மணி நேரம் இரண்டு பேரும் தொண்டை கிழிய நின்றுவிட்டு, ஃபைலு படியிறங்கிப் போனார். மேஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பினார். அவள் நீட்டிய கையைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து, பெட்டியிலிருந்து கைக்குக் கிடைத்த வெள்ளை டைலை எடுத்துப் பசை தடவிச் சுவரில் அறைந்தார்.

"என்னங்க, அது கருப்பு."

"எனக்குத் தெரியும்."

"இல்லங்க, முப்பதாவது வெள்ளை, அதுக்கு எதிர்..."

"எனக்குத் தெரியும்னு சொல்றேன்ல! ஆளாளுக்கு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்களா? மூணு சேருதா? சேரலைல்ல? வாயை மூடிட்டு அடுத்ததைக் குடு."

சேரவில்லைதான். கருப்பு, வெள்ளை, வெள்ளை, கருப்பு, வெள்ளை. மூணு சேராமல் அந்தத் தப்பு கமுக்கமாக உட்கார்ந்துகொண்டது. அவள் அடுத்ததை எடுத்துக்கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? பசை இறுகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பக்குவமாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "காஞ்சு போச்சு, விடு. ஒரு டைலு" என்றார். தன் வேலையில் 'யாரு எண்ணப் போறா' என்றவன்மேல் அவ்வளவு கோபப்பட்ட அதே மனுஷன்!

வரிசை முடிந்தது. திங்கட்கிழமை காலையில் இன்ஜினியர் ஜெராக்ஸோடு வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதினாறாவதிலேயே நின்றுவிட்டார். "அத்தனையும் தப்பு. பேத்து எடு. புதன்கிழமைக்குள்ள தாள்ல இருக்கிறபடி ஒட்டணும்."

எலெக்ட்ரீஷியன், பெயின்டர், தண்ணி லாரிக்காரன் என்று எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டம் கூடினால் மேஸ்திரிக்கு வாய் நீளும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "மேடத்தைக் கூப்பிடுங்க. அவங்க வந்து ஒரே ஒரு டைலு தப்புன்னு சொல்லட்டும், இந்த வரிசை மொத்தத்தையும் நானே என் கையால பேத்துக் கொட்டிட்டு, மூணு மாடி வேலையையும் விட்டுட்டுப் போறேன்."

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா" என்றார் ஃபைலு. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "மேடம் மூணு மணிக்கு வர்றாங்க."

ஐயோ, இந்த மனுஷன் வாயில் மண்ணைப் போட! ஒரே ஒரு டைல் என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டுமா? இருபது வருஷத்தில் எத்தனையோ குளியலறை, எத்தனையோ சமையலறை ஒட்டியாகிவிட்டது. எதிலும் அவளுடையது என்று ஒரு மூலைகூடக் கிடையாது. இந்த ஒரு வரிசைதான் ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் அவள் தலைக்குள்ளிருந்து வந்தது. அதை உடைத்து மூட்டை கட்டப் போகிறார்கள், அவர் கோபத்தில் ஒட்டிய ஒரு டைலுக்காக.

மதியம் மேஸ்திரி சாப்பிட்டுவிட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்கை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். எழுப்பிச் சொல்லலாமா என்று பக்கத்தில் போய் நின்றாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் இல்லை என்பார், அப்புறம் கத்துவார், அந்தக் கத்தலில் ஃபைலுக்கு எல்லாம் தெரிந்துவிடும். உளியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

முதலில் பிளேடால் டைலைச் சுற்றியிருந்த இடுக்குப் பூச்சைச் சுரண்டி எடுத்தாள். பக்கத்து டைலின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. வெள்ளை டைலின் நட்டநடுவில் உளியை வைத்துத் துணியைப் போர்த்தித் தட்டினாள். நாலாவது தட்டில் விரிசல் விட்டது. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தாள். பின்னால் இறுகியிருந்த பழைய பசையைச் செதுக்கி எடுப்பதற்குள் கை மரத்துவிட்டது. இருபது வருஷத்தில் அவள் தன் கையால் ஒரு டைல்கூடச் சுவரில் ஒட்டியதில்லை. 'உனக்கு அதெல்லாம் வராது' என்று ஒரு தடவை சொன்னவர்தான், அதற்கப்புறம் பேச்சே எழவில்லை. கெட்டியாகக் கொஞ்சம் பசை குழைத்து, பல் கரண்டியால் இழுத்து, கருப்பு டைலை வைத்து அழுத்தினாள். கரண்டிப் பிடியால் நாலு மூலையிலும் மெல்லத் தட்டினாள். ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தபோது குமிழ் நடுவில் வந்து நின்றது. இடுக்கை அடைத்துத் துடைத்தாள். கீழே இறங்கும்போது, நான் எதற்குத் திருட்டுத்தனமாக இதைச் செய்கிறேன், நான் என்ன திருடியா என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அது துக்கம் இல்லை, ஆத்திரம்.

மூன்று மணிக்கு மேடம் வந்தார். கையில் தாள் எதுவும் இல்லை. முதல் டைலில் விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். பின்னால் ஃபைலு, அவருக்குப் பின்னால் மேஸ்திரி, கடைசியில் அவள். பதினாறு தாண்டியது. மேடம் நிற்கவில்லை. ஃபைலு தொண்டையைக் கனைத்தார். அறுபத்து நாலு தாண்டியது, நூற்று இருபத்தெட்டு தாண்டியது. மேஸ்திரிக்கு மீசை துடித்தது.

நூற்று ஐம்பத்தெட்டில் மேடத்தின் விரல் நின்றது. விரல் நுனியைப் பார்த்தார், சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது.

"இது மட்டும் ஏன் ஈரமா இருக்கு?"

"பாத்தீங்களா மேடம், பாத்தீங்களா!" ஃபைலு துள்ளிக் குதிக்காத குறை. "தப்பா ஒட்டிட்டு இப்ப மாத்தியிருக்கான். ஒரு டைலு தப்புன்னாலும் மொத்தத்தையும் பேக்கறேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னான்!"

மேஸ்திரி அந்த டைலையே வெறித்தார். ஒட்டுகிறவன் கண்ணுக்குத் தன் டைல் எது, தன்னுடையது இல்லாத டைல் எது என்று தெரியாதா? மெல்ல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் முன்னால் வந்தாள். "நான்தான் மாத்தினேன் மேடம். மதியம். வெள்ளை இருந்துச்சு, கருப்பு வரணும்."

"கருப்புதான் வரணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" மேடத்தின் குரலில் சந்தேகம் இல்லை, ஆர்வம்தான் இருந்தது.

"வாங்க காட்டுறேன்." அவள் பின்னோக்கி நடந்தாள், எல்லாரும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று. "நூத்தம்பத்தெட்டுல நூத்தி இருபத்தெட்டு போனா முப்பது. முப்பதுக்கு எதிர் அது. முப்பதுல பதினாறு போனா பதினாலு. பதினாலுக்கு எதிர் முப்பது. அதுல எட்டு போனா ஆறு. ஆறுல நாலு போனா ரெண்டு. ரெண்டுல ஒண்ணு போனா இதோ, முதல் டைலு. இது வெள்ளை. அப்ப ரெண்டாவது கருப்பு, ஆறாவது வெள்ளை, பதினாலாவது கருப்பு, முப்பதாவது வெள்ளை, நூத்தம்பத்தெட்டு கருப்பு." ஒவ்வொரு டைலையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே சொன்னாள். மூச்சு வாங்கியது.

மேடம் தலையாட்டினார். "நூத்துக்கு நூறு சரி" என்றார். மிச்சத்தையும் இருநூற்று ஐம்பத்தாறு வரைக்கும் நடந்து முடித்துவிட்டு, "ஒரு தப்பும் இல்லை. அருமையா இருக்கு. எதுக்குப் பேக்கணும்?" என்று கேட்டார். ஃபைலு ஜெராக்ஸை நீட்டினார். அதைப் பார்த்ததும் மேடத்தின் புருவம் ஏறியது. "என்ன சார் இது? ஒவ்வொரு வரியிலயும் கடைசி எண்ணைக் காணோம். இதைப் பாத்து ஒட்டியிருந்தா என் மானமே போயிருக்கும். இந்த வரிசை இப்படியே இருக்கட்டும்." வகுப்புக்கு மணி அடித்தது. அவளைப் பார்த்து, "அப்புறம் வந்து உங்ககிட்ட பேசணும்" என்று சொல்லிவிட்டு அந்த வேகத்திலேயே போய்விட்டார்.

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். பெயின்டர் விசில் அடித்தான். வரிசை தப்பிவிட்டது. இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஃபைலு ஃபைலைத் திறந்தார். மேடத்தின் செருப்புச் சத்தம் படியில் மறையும்வரை காத்திருந்துவிட்டு எழுத ஆரம்பித்தார். நடந்தது எதுவானாலும் அதில் எழுதினால்தான் நடந்ததாகக் கணக்கு. அவள் எதிரே நின்று தலைகீழாகவே படித்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்து எப்படி நின்றாலும் அவளுக்குப் படிக்க வரும்.

'சித்தாளின் கவனக்குறைவால் 158-ஆவது டைல் தவறாக ஒட்டப்பட்டு, மேற்பார்வையின்போது கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.'

இரண்டு தடவை படித்தாள். ஜெராக்ஸைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. 'யாரு எண்ணப் போறா' என்று சொன்னது இல்லை. கண்டறிந்தவர் இவராம்! கவனக்குறைவு அவளுடையதாம்!

"என்ன சார் எழுதியிருக்கீங்க?"

"ரிப்போர்ட்டும்மா. டைலு மாறியிருக்குல்ல, காரணம் எழுதணும். மேஸ்திரி, இங்க ஒரு கையெழுத்து."

"அந்த டைலைத் தப்பா ஒட்டினது நான் இல்லை."

"யாரு ஒட்டினா என்ன? ஒரு சம்பிரதாயம். இதுக்குப் போய் ஏம்மா..."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் பேனாவைக் கையில் வாங்கியிருந்தார். கண்ணை அவள் பக்கம் திருப்பாமல் தணிந்த குரலில் சொன்னார்: "விடு. எழுதிட்டுப் போறாரு. உன் வரிசைதான் நிக்குதுல்ல."

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகக் கோபம் வந்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒரு கோபமா? காது அடைத்து, கை கால் ஜில்லென்று ஆகி, உடம்பு முழுக்க நிதானமாகிவிட்டது. விடுவிடுவென்று நூற்று ஐம்பத்தெட்டாவது டைலிடம் போனாள். பசை இன்னும் இறுகவில்லை. கரண்டி நுனியை இடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். கருப்பு டைல் சப்பென்று அவள் கைக்கு வந்தது. அழகான வரிசையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுர ஓட்டை.

"ஏய்!" என்று கத்தினார் ஃபைலு. "பைத்தியமா உனக்கு?"

"தப்பு என்னோடதுன்னு எழுதியிருக்கீங்கல்ல? அப்ப சரி பண்ணினதும் என்னோடதுதான். என் டைலை நான் எடுத்துக்கிட்டேன்." பசை வழியும் டைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "ஜெராக்ஸ் எடுத்தது யாரு, வெள்ளையை ஒட்டினது யாரு, கண்டுபிடிச்சது யாரு, மாத்தினது யாரு. நாலையும் சரியா எழுதுங்க. எழுதினா ஒட்டித் தர்றேன். இல்லேன்னா மேடம் வகுப்பு முடிஞ்சு வர்ற வரைக்கும் இந்த ஓட்டையோட இங்கயேதான் நிப்பேன்."

"உன்கிட்ட என்ன கெஞ்சுறது? டைலுக்கா பஞ்சம்?" ஃபைலு பெட்டிக்குள் கையை விட்டு வேறொரு கருப்பு டைலை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினார். "மேஸ்திரி, நீ ஒட்டு இதை. கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரு."

மேஸ்திரியின் ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் டைல். மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை. இந்த முகத்தை அவர் இருபது வருஷத்தில் பார்த்ததே இல்லை, பார்ப்பதற்குத் திரும்பியிருந்தால்தானே? பெயின்டர் ஏணியிலிருந்து இறங்கிவந்து நின்றான்.

மேஸ்திரி டைலைப் பெட்டியில் திரும்பப் போட்டார். பேனாவை மூடி ஃபைலின் மேல் வைத்தார்.

"அங்க வெள்ளையை ஒட்டினவன் நான் சார்" என்றார். "கருப்புன்னு அவ ரெண்டு தடவை சொன்னா. ரெண்டு தடவையும் வாயை மூடுன்னு சொன்னேன். அதையும் சேத்து எழுதுங்க."